சென்னையிலிருந்து மதுரைக்கு: விமானமா, வந்தே பாரத்தா, இரவு ரயிலா, பஸ்ஸா, காரா?

சென்னைக்கும் மதுரைக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 416 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஜெட் விமானத்துக்கு அது அரை மணி நேரத் தூரம். டிக்கெட்டில் போட்டிருப்பதோ ஒன்றேகால் மணி நேரம். தி.நகரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர் மதுரை மேலமாசி வீதியில் போய் இறங்க ஆவது ஏறக்குறைய நாலரை மணி நேரம். மூன்று கணக்குமே சரிதான். ஆனால் விமானமா ரயிலா என்று குழம்புகிறவர்களில் பலர் டிக்கெட்டில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரத்தை ரயிலின் ஐந்தே முக்கால் மணி நேரத்தோடு ஒப்பிடுகிறார்கள். நாலரை மணி நேரம் மிச்சமாகும் என்று நினைத்துப் பணம் கட்டுகிறார்கள். உண்மையில் மிச்சமாவது இரண்டேகால் மணி நேரம்.

## முடிவெடுக்க ஐந்து அளவுகோல்கள்

முதலாவது, வாசலுக்கு வாசல் ஆகும் நேரம். வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போவது, அங்கே காத்திருப்பது, பயணம், இறங்கி வெளியே வருவது, அங்கிருந்து போக வேண்டிய தெருவுக்குப் போவது ஆகிய ஐந்தையும் கூட்ட வேண்டும்.

இரண்டாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அந்த நேரத்தில் எவ்வளவு உங்கள் பகல் பொழுதிலிருந்து போகிறது? ராத்திரி 9.40 வாக்கில் ரயிலேறி, விடிகாலை ஐந்தரைக்கு இறங்கினால் அது எட்டு மணி நேரப் பயணம். அதில் ஆறு மணி நேரம் நீங்கள் வீட்டில் இருந்தாலும் தூங்கியிருப்பீர்கள். காலை பத்து மணி விமானம் நாலரை மணி நேரப் பயணம். அவ்வளவும் வேலை நேரம். கடிகாரப்படி விமானம் வேகம். வாழ்க்கைக் கணக்குப்படி பல நாட்களில் இரவு ரயில்தான் வேகம்.

மூன்றாவது, மொத்தச் செலவு. டிக்கெட் விலையோடு இரண்டு முனையிலும் ஆட்டோ, கேப், மெட்ரோ, சாப்பாடு, இருக்கைக் கட்டணம், கூடுதல் மூட்டைக்கான கட்டணம் எல்லாம் சேர வேண்டும். நான்காவது, ஏதாவது கெட்டுப்போனால் மாற்று வழி உண்டா என்பது. ஐந்தாவது, உடம்பும் மூட்டையும்: முழங்கால் வலி, சின்னக் குழந்தை, ஊரிலிருந்து கொண்டுவரும் அரிசி மூட்டை.

கீழே உள்ள கணக்கு தி.நகரிலிருந்து மீனாட்சியம்மன் கோயில் பக்கம் போகும் ஒருவருக்கானது. சாதாரண நாள், ஓரிரு வாரம் முன்பே எடுத்த டிக்கெட்.

| வழி | வண்டிக்குள் | வாசலுக்கு வாசல் | பகலில் போவது | ஒருவருக்கு மொத்தச் செலவு (ரூ.) |
|---|---|---|---|---|
| விமானம் | 1.10 – 1.30 மணி | 4 – 4¾ மணி | முழுவதும் | 4,500 – 8,000 |
| வந்தே பாரத் | சுமார் 5.40 மணி | 6¾ மணி | முழுவதும். ஆனால் வேலை பார்க்கலாம் | 1,500 – 1,800 |
| தேஜஸ் | 6¼ – 6½ மணி | 7½ மணி | முழுவதும். ஆனால் வேலை பார்க்கலாம் | 1,200 – 1,500 |
| இரவு ரயில், மூன்றடுக்கு ஏசி | 8 மணி | 9 – 9½ மணி | சுமார் 2 மணி | 1,100 – 1,400 |
| இரவு பஸ் | 8½ – 9 மணி | 10 – 11 மணி | சுமார் 3 மணி | 600 – 1,800 |
| சொந்தக் கார் | 7½ – 8½ மணி | அதேதான் | முழுவதும் | காருக்கு 3,500 – 4,000 |

## விமானம்

நாலரை மணி நேரம் எங்கே போகிறது என்று பார்ப்போம். தி.நகரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு நெரிசல் நேரத்தில் 45 நிமிடம். செக்-இன் கவுன்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும் என்பதால், மூட்டை போடுகிறவர் ஒன்றரை மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பறக்கும் நேரம் 80 நிமிடம். மதுரையில் இறங்கி மூட்டை வர 20 நிமிடம். மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடியிலிருந்து அவனியாபுரம் வழியாக ஊருக்குள் வர 40 நிமிடம். கூட்டினால் 4 மணி 35 நிமிடம்.

இதில் உங்கள் கையில் இருப்பது இரண்டு இடங்கள்தான். முதலாவது மூட்டை. 7 கிலோ கைப்பையோடு மட்டும் போய், வெப் செக்-இன் முன்பே செய்துவிட்டால் விமான நிலையத்தில் 15 நிமிடமும் மதுரையில் 10 நிமிடமும் மிச்சம். இரண்டாவது மெட்ரோ. நீல வழித்தட மெட்ரோ நேராக விமான நிலையத்துக்குள்ளேயே போகிறது. ஜிஎஸ்டி சாலை நெரிசலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புறநகர் ரயிலில் வருகிறவர்களுக்குத் திரிசூலம் நிலையம் எதிரிலேயே இருக்கிறது. இரண்டையும் செய்தால் பயணம் நான்கு மணி நேரத்துக்குள் அடங்கும். உள்நாட்டு விமானங்கள் முதலாம், நான்காம் முனையங்கள் இரண்டிலிருந்தும் புறப்படுவதால், எந்த முனையம் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அரை மணி நேரத் தூரத்துக்கு ஏன் 1.10 முதல் 1.30 வரை போடுகிறார்கள்? இந்தத் தடத்தில் ஏடிஆர் 72 ரகச் சிறு விமானங்கள் அதிகம் ஓடுகின்றன. இறக்கை முன் விசிறி சுழலும் அந்த விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர்தான். அதோடு ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அட்டவணைக்குள் வரும். சென்னையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. ஒன்றில் விமானம் ஓடும்போது மற்றதைத் தாராளமாகப் பயன்படுத்த முடியாது. திரும்பி வரும்போது சென்னைக்கு மேலே பத்துப் பதினைந்து நிமிடம் வட்டமடிக்க வைப்பதும் இதனால்தான்.

ஏடிஆர் என்றால் வேறு சில விஷயங்களும் உண்டு. நிலையத்திலிருந்து நேராக விமானத்துக்குள் நடந்துபோகும் ஏரோபிரிட்ஜில் அது நிற்காது. பஸ்ஸில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கிருந்து படியோ சரிவுப் பாதையோ ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைப்பது உறுதியில்லை. தலைக்கு மேல் இருக்கும் பெட்டியறை சின்னது. மற்ற விமானங்களில் உள்ளே எடுத்துப் போகும் சக்கரப் பெட்டியை இங்கே வாசலிலேயே வாங்கிக் கீழே போடுவார்கள். அதில் மருந்தோ லேப்டாப்போ இருந்தால் முன்கூட்டியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பவர் பேங்க் இருந்தால் கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும். சரக்குப் பகுதியில் அதற்கு அனுமதி இல்லை.

மறைந்திருக்கும் செலவுகள் இதில்தான் அதிகம். இணையத்தில் வாங்கும்போது வசதிக் கட்டணம், இருக்கை தேர்வுக்குத் தனிக் கட்டணம் என்று ஒருவருக்குச் சில நூறு ரூபாய் ஏறும். 15 கிலோவுக்கு மேல் போனால் கிலோக் கணக்கில் வாங்குவார்கள். கவுன்டரில் கட்டுவதைவிட முன்பே இணையத்தில் வாங்குவது மலிவு. இரண்டு வயது முடிந்த குழந்தைக்கும் முழு டிக்கெட்தான். ஊரிலிருந்து திரும்பும்போது எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கொப்பரைத் தேங்காய் எந்தப் பையிலும் கூடாது. சென்னையில் இறங்கியபின் ஆப் கேப் பிடிக்கப் பல அடுக்கு வாகன நிறுத்தம் வரை நடக்க வேண்டும். பத்து நிமிடம் நடந்து, பத்து நிமிடம் காத்திருப்பதைவிட, இரவு 11 மணிக்குள் என்றால் மெட்ரோவே மேல்.

தாமதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய் வருகிறது. காலையில் எங்கோ விழுந்த அரை மணி நேரத் தாமதம் சாயங்காலத்துக்குள் ஒரு மணி நேரமாக வளர்ந்துவிடும். ஆகவே மதுரையில் நேரத்துக்கு ஒரு வேலை இருந்தால் காலையின் முதல் விமானத்தை எடுங்கள். மாலை விமானம் என்றால், உங்கள் விமானம் எந்த ஊரிலிருந்து வந்து சேர வேண்டும், அது கிளம்பிவிட்டதா என்று டிராக்கிங் ஆப்பில் பார்த்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பலாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்க, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதி இடம் கொடுக்கிறது. தவறவிட்ட விமானத்துக்குக்கூட விமான நிலையக் கட்டணமும் வரியும் திரும்பக் கிடைக்கும். பலர் இதைக் கேட்பதே இல்லை; கேளுங்கள்.

ஒரு நாளுக்குள் போய்த் திரும்ப வேண்டியவர்கள், மருத்துவ அவசரம், நிறுவனம் டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் பயணம் ஆகியவற்றுக்கு விமானம் சரி. சொந்தக் காசு என்றால் இப்படிக் கணக்குப் போடுங்கள்: கேப் எல்லாம் சேர்த்து விமானத்துக்கு 5,600 ரூபாய், வந்தே பாரத்துக்கு 1,500 ரூபாய். மிச்சமாகும் இரண்டேகால் மணி நேரத்துக்கு 4,100 ரூபாய். மணிக்கு 1,800 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள். நாலு பேர் குடும்பம் என்றால் அதே இரண்டேகால் மணி நேரத்துக்கு 16,000 ரூபாய் ஆகிறது.

## வந்தே பாரத், தேஜஸ், வைகை

எழும்பூரிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை ஏறத்தாழ 490 கிலோமீட்டர். நாகர்கோவில் வந்தே பாரத் அதை ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குள் கடக்கிறது. சராசரி மணிக்கு 87 கிலோமீட்டர். 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய இந்த ரயில் எழும்பூரில் அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி, மதுரையில் பத்தரை மணிக்குப் பிறகு இறக்கிவிடுகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி வந்தே பாரத் எழும்பூரில் பிற்பகலில் கிளம்பி, இரவு எட்டரை வாக்கில் மதுரை வருகிறது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று நேரம் வசதியாக அமைந்திருக்கிறது. 2019 மார்ச்சில் தொடங்கிய தேஜஸ் காலை 6 மணி ரயில். அரை மணி, முக்கால் மணி நேரம் கூடுதல், கட்டணம் கொஞ்சம் குறைவு. வைகை எக்ஸ்பிரஸ் ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் வகுப்பு உட்காரும் இருக்கையில் இவை எல்லாவற்றையும்விட மலிவாகப் போக வேண்டுமென்றால் அதுதான்.

ஐந்து மணி வண்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. மெட்ரோவின் முதல் ரயிலே ஐந்து மணிக்குத்தான். ஆகவே எழும்பூருக்கு ஆட்டோவோ கேப்போதான், அதுவும் விடிகாலைக் கட்டணத்தில். நான்கேகாலுக்கு வண்டி வராமல் போனால் ரயில் போய்விடும். முந்தின இரவே பேசி வைத்த ஆட்டோ, ஆப்பை நம்புவதைவிடப் பாதுகாப்பு. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைக்காரர்கள் எழும்பூருக்கு வரவே வேண்டாம். இந்த ரயில்கள் தாம்பரத்தில் நிற்கின்றன. டிக்கெட் எடுக்கும்போதே ஏறுமிடம் தாம்பரம் என்று போட்டுவிடுங்கள். எழும்பூர் என்று போட்டுவிட்டுத் தாம்பரத்தில் ஏறினால், ஆள் வரவில்லை என்று இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

ரயிலில் ஐந்து மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது என்பதை விமானத்தோடு ஒப்பிடும்போது யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. விமானப் பயணத்தின் நாலரை மணி நேரமும் துண்டு துண்டாக உடைந்தது: கேபில் கொஞ்சம், வரிசையில் கொஞ்சம், இருக்கையில் கொஞ்சம். லேப்டாப்பைத் திறந்து ஒரு வேலையை முடிக்க அதில் இடமில்லை. ரயிலில் இருக்கைக்குப் பக்கத்திலேயே பிளக் பாயின்ட் இருக்கிறது. செங்கல்பட்டு தாண்டி உட்கார்ந்தால் திண்டுக்கல் வரை எழுந்திருக்காமல் வேலை பார்க்கலாம். ஆனால் வழியில் பல இடங்களில் செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வீடியோ மீட்டிங் வைத்துக்கொள்ள வேண்டாம். தேவையான கோப்புகளை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை சந்திப்பு ஊரின் நடுவிலேயே இருக்கிறது. கோயிலின் மேலக் கோபுரம் ஒரு கிலோமீட்டர், நடந்தே போகலாம். வந்து சேர்ந்தபின் எந்தச் செலவும் இல்லாத ஒரே வழி ரயில்தான்.

குறைகள்: வந்தே பாரத்தும் தேஜஸும் வாரத்தில் ஒரு நாள் ஓடாது, எந்த நாள் என்று பார்த்துத் திட்டமிடுங்கள். ஐந்து வயது முதல் குழந்தைக்கு இருக்கை வாங்கினால் முழுக் கட்டணம். ரொம்ப நேரம் உட்கார முடியாத முதுகுவலிக்காரர்களுக்குச் சேர் கார் கஷ்டம். எழும்பூர் நிலைய மறுசீரமைப்புப் பணியால் சில ரயில்களின் புறப்பாட்டை அவ்வப்போது தாம்பரத்துக்கு மாற்றுகிறார்கள் என்பதால், முந்தின நாள் வரும் எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் விடாதீர்கள்.

## இரவு ரயில்

பெரும்பாலானவர்களுக்கு இதுவே சரியான விடை. நாள் முழுக்க வேலையை முடித்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏறலாம். இறங்கும்போது மதுரையில் முழுப் பகலும் கையில் இருக்கும். ஒரு இரவுக்கான விடுதி வாடகையும் மிச்சம்.

ஆனால் எந்த இரவு ரயில் என்பதில் கவனம் வேண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரையிலேயே முடிகிறது. விடிகாலை ஐந்தரை வாக்கில் வந்து நிற்கும், அசந்து தூங்கினாலும் ஊர் தாண்டிப் போக வழியில்லை. கன்னியாகுமரி, முத்துநகர், அனந்தபுரி, பொதிகை, நெல்லை எல்லாம் தெற்கே போகிறவை. நள்ளிரவு தாண்டி விடிவதற்குள் ஏதோ ஒரு நேரத்தில் மதுரையில் சில நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடும். பாண்டியனில் இடமில்லாமல் இவற்றில் ஏறினால் அலாரம் வைப்பதோடு 139 எண்ணில் இறங்குமிட அலர்ட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு இறக்கிவிடும் ரயில் என்றால் தூக்கமும் கெட்டு, விடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். இரவு ரயிலின் லாபமே அங்கே போய்விடுகிறது.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா சமயங்களில் அன்று காலையே முடிந்துவிடும். தட்கல் முந்தின நாள் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்பே முடித்து வைத்திருக்க வேண்டும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. காத்திருப்புப் பட்டியலில் ஜிஎன்டபிள்யூஎல் (GNWL, பொதுப் பட்டியல்) நகரும் அளவுக்குப் பிக்யூடபிள்யூஎல் (PQWL, இடைப்பட்ட ஊர்களுக்கான பொதுத் தொகுப்பு) நகராது. எண் இரண்டிலும் 20 என்றே இருந்தாலும், முன்னதை நம்பலாம். பின்னதை நம்பிப் பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதோடு சரி. கீழ் பெர்த் ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது. அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கும்போது அவர்கள் இருவரை மட்டும் தனி டிக்கெட்டாக எடுங்கள்; குடும்பத்தோடு ஒரே டிக்கெட்டில் ஐந்து பேரைச் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. மூட்டைக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ வரை கட்டணமில்லை. அரிசி மூட்டையும் பித்தளை அண்டாவும் கொண்டுவருகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

## பஸ்

பஸ்ஸின் பலம் ஒன்றுதான்: இன்று சாயங்காலம் முடிவெடுத்து இன்று இரவே கிளம்பலாம். ரயிலில் இடமில்லாதபோது, விமானம் எட்டாயிரத்தைத் தாண்டும்போது, பஸ் காப்பாற்றுகிறது.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. தாம்பரம், வண்டலூர்க்காரர்களுக்குப் பஸ் முன்பைவிட வசதி. வடசென்னைக்காரர்களுக்கு, பஸ் ஏறுவதற்கு முன்பே இரண்டு மணி நேரப் பயணம். திருவொற்றியூரிலிருந்து கிளாம்பாக்கம் போகும் நேரத்தில் எழும்பூரில் ஏறியவர் செங்கல்பட்டைத் தாண்டியிருப்பார். ஆம்னி பஸ்ஸில் போகிறவர்கள் ஏறுமிடத்தை டிக்கெட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே பஸ்ஸுக்கு இரண்டு மூன்று ஏறுமிடங்கள் இருக்கும்.

அரசு விரைவுப் பேருந்தின் கட்டணம் நிலையானது. ஆம்னி பஸ் கட்டணம் வெள்ளிக்கிழமை இரவிலும் விடுமுறைக்கு முன்பும் இரண்டு மடங்கு வரை போகும். ஸ்லீப்பரில் கடைசி வரிசையைத் தவிர்த்துவிடுங்கள்: பின் சக்கரத்துக்கு அப்பால் நீளும் பகுதி என்பதால் ஒவ்வொரு வேகத்தடையும் தூக்கிப் போடும். நடுப்பகுதியில் கீழ்ப் படுக்கைதான் நல்லது. கழிப்பறை இல்லாத பஸ்ஸில் நிறுத்தம் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் இதனாலேயே ரயிலைச் சொல்வேன். மதுரையின் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கி ஊருக்குள் போக டவுன் பஸ் உடனே கிடைக்கும்.

## கார்

மூன்று, நான்கு பேர் சேர்ந்து போனால் செலவில் கார் ரயிலோடு போட்டி போடும். 460 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காரில் 29 லிட்டர். ஏறக்குறைய 2,900 ரூபாய். அதற்குமேல் சுங்கம். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என்று எட்டுச் சாவடிகள்.

அடிக்கடி போகிறவர்கள், தொடங்கியபோது 3,000 ரூபாயாக இருந்த ஃபாஸ்டாக் ஆண்டு பாஸைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. சொந்த உபயோகக் கார்களுக்கு மட்டும். ஓர் ஆண்டு அல்லது 200 கடப்புகள், எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஒவ்வொரு சாவடியும் ஒரு கடப்பு. போய் வர 16 ஆகிவிடும். ஆக 200 என்பது பன்னிரண்டு முறை போய் வரத்தான். ஆனாலும் அந்த விலையில் சாவடிக்கு 15 ரூபாய்தான் விழுகிறது. ஒரு முறை போய் வர 240 ரூபாய். வருடத்தில் நாலு முறை ஊருக்குப் போகிறவருக்கே லாபம்தான். ஃபாஸ்டாகில் பணம் இல்லாமல் போய் நின்றால் யுபிஐயில் ஒன்றேகால் மடங்கு கட்ட வேண்டும்.

நேரம் எங்கே கெடும் என்றால், பெருங்களத்தூருக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில். அதிகாலை ஐந்துக்குள் கிளம்பினால் முக்கால் மணியில் தாண்டும் அந்தப் பகுதி, எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஞாயிறு மாலை திரும்பும்போது பரனூரிலிருந்தே நிற்கத் தொடங்கும். பிற்பகல் மூன்றுக்குள் செங்கல்பட்டைக் கடக்கும்படி மதுரையை விட்டுக் கிளம்புங்கள். காலையில் கிளம்பியவர்கள் திருச்சி தாண்டி விராலிமலை, துவரங்குறிச்சி வரும்போது சாப்பிட்ட மயக்கமும் வெயிலும் ஒன்றாகச் சேரும். பாதை நேராகவும் காலியாகவும் இருப்பதால் கண் சொருகுவது அங்கேதான். ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் திருச்சியில் முக்கால் மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும். அந்த முக்கால் மணியையும் சேர்த்துத்தான் மேலே எட்டரை என்று போட்டிருக்கிறது.

தனியாக ஒருவர் காரில் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஊருக்குப் போய் ஒரு நாளில் நாலு கிராமம் சுற்ற வேண்டும், பெரியவர்களைக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போக வேண்டும் என்றால் கார்தான்.

## மழைக்காலம், போகி, புயல்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்த வழியும் உறுதியானதல்ல. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் தென்மாவட்ட ரயில்கள் ரத்தாயின. அரசூர் அருகே நெடுஞ்சாலையிலும் தண்ணீர் ஓடிப் போக்குவரத்து நின்றது. ரயில் பாதை, சாலை இரண்டுமே விழுப்புரம் வழியாகத்தான் போகின்றன என்பதால் அங்கே வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே அடைபடும். சென்னை மட்டும் நனைந்து விழுப்புரம் காய்ந்திருந்தால் ரயில் பெரும்பாலும் ஓடும். விழுப்புரத்தில் பெரு மழை, மீனம்பாக்கம் தெளிவு என்றால் விமானம்தான் மிச்சம். எந்த ஊரில் மழை என்று பார்த்து முடிவெடுங்கள்.

போகியன்று விடிகாலை விமானம் வேண்டாம். புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமானதும் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டதும் உண்டு. அன்று பத்து மணிக்கு மேல் எடுங்கள், அல்லது முந்தின இரவு ரயில்.

## மதுரையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு

போகுமிடம் மதுரை ஊருக்குள் இல்லையென்றால் விடை மாறும். விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பதால் அருப்புக்கோட்டை, விருதுநகர், சிவகாசி போகிறவர்கள் நகருக்குள் நுழையவே வேண்டாம். விமானத்தின் லாபம் அரை மணி நேரம் கூடுகிறது. கொடைக்கானல் போகிறவர்கள் விமானத்தில் மதுரை வந்து வடக்கே திரும்பிப் போவது வீண். கொடைக்கானல் ரோட்டிலோ திண்டுக்கல்லிலோ ரயிலை விட்டு இறங்கிக்கொள்ளுங்கள். மேலூர்க்காரர்களுக்குப் பஸ் வழியிலேயே வருகிறது. நத்தம், சிங்கம்புணரிக்காரர்களும் மதுரை வரை போகாமல் வழியில் இறங்கி மாறிக்கொள்ளலாம்.

## போக ஒன்று, வர ஒன்று

போக வர ஒரே வண்டிதான் என்று ஒரு கட்டாயமும் இல்லை. வெள்ளி இரவு பாண்டியனில் போய், ஞாயிறு பிற்பகல் தேஜஸில் திரும்பினால் ஏறக்குறைய ஒன்றரை நாள் மதுரையில் கிடைக்கிறது. இரவு ஒன்பதேகால் வாக்கில் எழும்பூர், அங்கிருந்து மெட்ரோ ஓடும் நேரம். ஒரு நாள் வேலைக்குப் போகிறவர் முந்தின இரவு ரயிலில் போய், வேலை முடிந்ததும் மாலை விமானத்தில் திரும்பலாம். ஒரு பக்கம் மட்டும் விமானம் என்பதால் செலவு பாதி, விடுதிச் செலவு இல்லை. ஆனால் அதை நேர்மாறாகச் செய்ய வேண்டாம்: காலை விமானத்தில் போய் இரவு ரயிலில் திரும்பும்போது, வேலை நாலு மணிக்கு முடிந்தால் ஒன்பது மணிவரை ஊரில் உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள். ஞாயிறு மாலை, இரவு இடங்கள்தான் முதலில் தீரும். வெள்ளி இரவுக்கு இடமில்லாவிட்டால் வியாழன் இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம், திங்கள் காலை அலுவலகத்தை மாற்ற முடியாது.